வெள்ளிக்கிழமைச் சுவாசப்பை

சுபாஸை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மாஸ்டர் மறைத்துக் கதை சொன்னார் என்று ஒருவரும் குறை பிடிக்க வேண்டாம். கொக்குவிலில் உயர்தர உயிரியல் என்றால் அது அருட்செல்வன் சேர்தான் என்று ஒரு காலம் இருந்தது. அந்த அருட்செல்வன் நான்தான். இப்போது புகையிரதக் கடவையிலிருந்து சந்திவரை எந்த மதிலைப் பார்த்தாலும் அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். நீலச் சேட்டு, கட்டிய கை, கீழே 'உயிரியல் சுபாஸ்' என்று கொட்டை எழுத்து. என் வளவு மதிலில்கூட ஒன்றை ஒட்டியிருந்தார்கள். கிழித்தேன். அடுத்த நாள் காலையில் அதே இடத்தில் புதிதாக ஒன்று, பசைகூடக் காயவில்லை. அதையும் கிழித்தேன்.

அவனுக்கு உயிரியல் படிப்பித்ததே நான்தான். பின் வாங்கில் இருந்து எந்நேரமும் இருமிக்கொண்டிருப்பான். மருத்துவத்துக்குப் புள்ளி காணாமல் விஞ்ஞான பீடம் போனான், பட்டத்தோடு திரும்பி வந்தான், எனக்கு இரண்டு ஒழுங்கை தள்ளிக் கொட்டில் போட்டான். போடட்டுமே! யாழ்ப்பாணத்தில் ரியூசன் கொட்டில் இல்லாத ஒழுங்கை எங்கே இருக்கிறது? என்னால் பொறுக்க முடியாதது வேறு. என் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்று போனார்கள். 'சேர், வீட்டிலை கொஞ்சம் பிரச்சினை' என்பார்கள். 'அம்மாவுக்குச் சுகமில்லை சேர்' என்பார்கள். மறு கிழமை அந்தப் பிள்ளையின் சைக்கிள் அவனுடைய கொட்டிலுக்கு வெளியே நிற்கும்.

பொறாமை வந்தால் வயிறு எரியும் என்று சனம் சொல்கிறது. உயிரியல் ஆசிரியன் சொல்கிறேன், அது பிழை. எனக்கு நெஞ்சில்தான் வந்தது. நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை விரித்த மாதிரி ஒரு தசைத்தட்டு இருக்கிறது, பிரிமென்றகடு என்று பெயர். அது கீழே இறங்கித் தட்டையானால் காற்று உள்ளே வரும். மேலே எழும்பினால் காற்று வெளியே போகும். அவனுடைய படத்தைக் காணும்போதெல்லாம் என்னுடையது இறங்க மறுத்தது. மூச்சுப் பாதியில் நின்றது. சந்தியில் சைக்கிளை நிறுத்தி, வராத ஆளைப் பார்ப்பதுபோல் நின்று, மூச்சை வாங்கிக்கொண்டு போவேன்.

சுவாசப்பையைக் கரும்பலகையில் என்னைப்போல் கீற இந்தக் குடாநாட்டில் ஆள் இல்லை. இது பெருமை இல்லை, உண்மை. வலப்பக்கம் மூன்று சோணை, இடப்பக்கம் இரண்டு, இதயத்துக்கு விட்ட பள்ளம், வாதனாளி என்கிற மூச்சுக்குழாயின் வளையங்கள், அது கிளை கிளையாகப் பிரிந்து போய் முடியும் இடத்தில் முந்திரிகைக் குலைபோல் சிற்றறைகள். ஒரு முறையும் அழிக்காமல் கீறுவேன். என் படத்தைப் பார்த்துக் கீறிய பிள்ளைக்குப் பரீட்சையில் புள்ளி வெட்டுப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. அந்தப் பாடத்தில்தான் அவன் என் மடியில் கை வைத்தான்.

ஜெயனி என்று ஒரு பிள்ளை என்னிடம் படித்துக்கொண்டிருந்தது. கெட்டிக்காரி, ஆனால் வாய் கூட. ஒரு நாள் நான் படத்தைக் கீறி முடிக்கும்போது எழும்பி நின்று கேட்டாள்.

"சேர், சுபாஸ் சேர் வாற வெள்ளிக்கிழமை உண்மையான ஆட்டுச் சுவாசப்பை கொண்டுவந்து காட்டப்போறாராம். குழாயை விட்டுக் காத்தடிச்சா உயிரோடை இருக்கிற மாதிரி ஊதி வருமாம். நீங்களும் காட்டுவியளோ சேர்?"

"நான் படிப்பிக்கிறது மனுசற்றை சுவாசப்பை, பிள்ளை. ஆட்டிறைச்சி வேணுமெண்டால் சந்தைக்குப் போ."

வகுப்பு முழுவதும் சிரித்தது. அவளும் சிரித்தாள். மறு வகுப்பில் அவளுடைய இடம் காலியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை! நாளைக் கவனித்தீர்களா? அவனுடைய கொட்டில் வைரவர் கோயிலுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கிறது. ஏன் வெள்ளிக்கிழமை வகுப்பு வைக்கிறாய் என்று யாரோ கேட்டதற்கு, 'மற்ற நாளிலை சேருக்கு வகுப்பு. சேரின்ரை நேரத்திலை நான் வைக்க மாட்டன்' என்றானாம். கெட்டித்தனத்தைப் பாருங்கள்! கேட்கிற சனத்துக்கு அது மரியாதையாகத் தெரியும். எனக்குத் தெரியும் அவனுடைய எடுப்பு.

ஜெயனி கேட்ட அன்றிரவே சாப்பாட்டில் என் மனைவி உதயகலாவிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் புட்டுக்குச் சம்பல் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, அவன் ஆட்டைக் காட்டினாலென்ன, மாட்டைக் காட்டினாலென்ன? உங்களுக்கேன் உந்த அந்தரம்?"

"உமக்கு ஒண்டும் விளங்காது. வைரவற்றை வாசலிலை இறைச்சி! நாங்கள் சைவச் சனம்தானே?" என்று மகள் பக்கம் திரும்பினேன். "கோபிகா, நீ சொல்லு பிள்ளை. செத்த ஆட்டைப் பாத்தோ சுவாசத்தைப் படிக்கவேணும்?"

கோபிகா எங்களுடைய ஒரே பிள்ளை. உயர்தரம் இரண்டாம் வருசம். என் வகுப்பில் முதல் வாங்கில் இருப்பவள். வகுப்பு முடியுமட்டும் வாய் திறக்க மாட்டாள், அவ்வளவு அடக்கம். "தெரியேல்லை அப்பா" என்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு செருமினாள். உதயகலா உடனே கையைக் கழுவிவிட்டு அவளை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

பிள்ளைக்குச் சளி. வெளியே நாங்கள் அப்படித்தான் சொல்வது. உங்களுக்குச் சொன்னால் என்ன, அது முட்டு. பாடப் புத்தகத்தில் ஆஸ்துமா. சின்ன வயசிலிருந்து இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் காட்டினால் தெரிந்த முகம் ஏதாவது காணும் என்று கொடிகாமத்தில் ஒரு டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். மண்ணிறத்தில் ஒன்று, நீல நிறத்தில் ஒன்று என்று இரண்டு இன்ஹேலர் தந்தார். மண்ணிறம் முட்டு வராமல் தடுக்க, காலையும் இரவும். நீலம் முட்டு வந்தால் அந்த நேரத்துக்கு. நீலத்தை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னார். சொல்வது சுகம். அவருக்கு என்ன, கொடிகாமத்தில் இருக்கிறார். பொம்பிளைப் பிள்ளையை வைத்திருப்பது நாங்கள்.

கலியாணம் பேச வருகிறவர்கள் சாதகத்துக்கு அடுத்தபடி கேட்பது, 'பிள்ளைக்கு முட்டுக் கிட்டு ஏதும் இருக்கோ?' என்பதைத்தான். கொக்குவில் சந்தியில் ஒரு பிள்ளை இன்ஹேலரை வாயில் வைத்தால், அவள் வீடு வந்து சேர முன்னம் கனடாவுக்குச் செய்தி போய்விடும். ஆகவே இரண்டும் வீட்டில் அலுமாரிக்குள், உதயகலாவின் கூறைச் சேலைக்கு அடியில் இருந்தன. பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாட வேண்டாம் என்று மறித்தோம். சைக்கிளை உழக்கி ஓடாமல் இருக்க நேரத்தோடு அனுப்பினோம். 'வெளியிலை முட்டு வாற மாதிரி இருந்தால் ஒரு ஓரமாய் இருந்து மூச்சை மெல்ல மெல்ல விடு. சத்தம் கேக்க விடாதை. ஒருத்தருக்கும் காட்டிக் குடாதை' என்று சொல்லி வளர்த்தேன். சொல்வழி கேட்கிற பிள்ளை. இதைவிட ஒரு தகப்பன் என்ன செய்ய?

அடுத்த நாள் காலையில் தியாகராசா அண்ணையிடம் போனேன். வைரவர் கோயில் நிர்வாக சபைத் தலைவர். முன்பு சங்கக்கடையில் மனேச்சராக இருந்தவர். ஒரு விசயத்தை ஊர் முழுக்கச் சொல்ல வேண்டுமானால் ஒலிபெருக்கி கட்டத் தேவையில்லை, அவருடைய காதில் போட்டால் போதும்.

"அண்ணை, வைரவற்றை ஒழுங்கைக்குள்ளை இறைச்சி வெட்டப்போறாங்கள். அதுவும் வெள்ளிக்கிழமையிலை."

"என்ன கோதாரி மாஸ்டர்! ஆர்?"

"வேற ஆர்? சுபாஸ்தான். ஆட்டைக் கொண்டுவந்து பிள்ளையளுக்கு முன்னாலை வைச்சு வெட்டிக் காட்டப்போறானாம்."

ஆட்டை என்றுதான் சொன்னேன். ஆட்டின் சுவாசப்பையை மட்டும் என்று நீட்டி முழக்க அந்த நேரம் தோன்றவில்லை. அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நேரிலை போவம். கையும் மெய்யுமாய்ப் பிடிச்சு, அந்தக் கொட்டிலை இழுத்து மூடிப்போட்டுத்தான் மற்ற வேலை."

எனக்கு அன்று வந்த சந்தோசத்தைச் சொல்ல வெட்கம்தான். இரவு கிடந்தவுடன் நித்திரை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கோபிகா வழமைபோல் இங்கிலீஸ் வகுப்புக்கு வெளிக்கிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு இங்கிலீஸ். "தூசிக்குள்ளை போகாதை பிள்ளை" என்று சொல்லிக் கேற்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு குளித்து, வேட்டி கட்டி, திருநீற்றை மூன்று குறியாகப் பளிச்சென்று பூசி, தியாகராசா அண்ணையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். சண்டைக்குப் போகிற ஆள் மாதிரி நான் இருக்கவில்லை. கோயிலுக்குப் போகிறவன் மாதிரித்தான் இருந்தேன்.

அவனுடைய கொட்டிலுக்குத் தகரக் கூரை, அரைச் சுவர். ஒழுங்கை முழுக்கச் சைக்கிளும் ஸ்கூட்டியும் நின்றன. என் வளவுக்கு முன்னால் நின்ற வாகனங்கள் எல்லாம் இங்கே இடம் மாறி நிற்கின்றன என்று நினைத்தேன், நெஞ்சு இறுகியது. இரண்டு பேரும் வேலியோரம் ஒதுங்கி நின்று அரைச் சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தோம்.

பிள்ளைகள் மேசையைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மேசையில் பொலித்தீன் விரித்து, அதன்மேல் வாதனாளியோடு ஒரு சோடி சுவாசப்பை. வெட்டுக் குத்து ஒன்றும் இல்லை. சுபாஸ் கையுறை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"வாதனாளியை அமத்திப் பாருங்கோ. ஏன் சப்பளியேல்லை? சுத்திவரக் கசியிழைய வளையம் இருக்கு, குருத்தெலும்பு. பின்பக்கத்தைத் தடவுங்கோ. அங்கை வளையம் இல்லை, மெத்தெண்டு இருக்கும். பின்னாலை சாப்பாடு போற களம் இருக்கு. நீங்கள் சோத்தை விழுங்கேக்கை களம் விரிய இடம் வேணுமெல்லே?"

எனக்கும் அது தெரியும். நானும் படிப்பிக்கிறேன். ஆனால் பின்பக்கத்தைத் தடவிப் பார் என்று நான் எதைக் காட்டிச் சொல்வது? கரும்பலகையையா?

"சரி, இப்ப காத்தடியுங்கோ" என்றான்.

மேசையின் அந்தப் பக்கத்தில் யாரோ குந்தியிருந்து சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சாமானை அமத்தினார்கள். வாதனாளிக்குள் விட்டிருந்த இறப்பர்க் குழாயால் காற்றுப் போனது. சுருங்கிக் கிடந்த அந்தச் சதை மெல்ல மெல்ல எழும்பியது. கடும் சிவப்பு வெளிறி இளஞ்சிவப்பானது. ஒவ்வொரு சோணையும் தனித்தனியாக விரிந்து மேசை விளிம்புவரை வந்தது. குழாயை விட்டவுடன் அது தானாகவே அடங்கியது. பிள்ளைகள் 'ஆ' என்றார்கள். பக்கத்தில் நின்ற தியாகராசா அண்ணையும் 'ஆ' என்றார். நான் அவரை முறைத்தேன்.

இருபத்தைந்து வருசம் கீறினேன். நான் கீறிய ஒன்றும் ஒரு நாளும் அசைந்ததில்லை. அட பாவி, அவன் அதற்கு மூச்சுக் கொடுத்துவிட்டான்! எனக்கு அந்த இடத்திலேயே அவனுடைய சேட்டைப் பிடித்து உலுப்ப வேண்டும்போல் இருந்தது. அந்த மேசைக்குப் பக்கத்தில் நான் நின்றிருக்க வேண்டும். அந்த 'ஆ' எனக்கு வந்திருக்க வேண்டியது.

அவன் இப்போது ஒரு பக்கத்துக் கிளைக்குழாயை விரலால் நெரித்துப் பிடித்தான்.

"முட்டு வரேக்கை குழாய் இப்பிடித்தான் இறுகும். உள்சுவர் வீங்கும், சளி சேரும். காத்து ஒருமாதிரி உள்ளை போயிடும். வெளியிலை வாறதுதான் கஷ்டம். எனக்கு உது இருக்கெண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

சொல்லிக்கொண்டே சேட்டுப் பொக்கற்றிலிருந்து நீல இன்ஹேலர் ஒன்றை எடுத்து எல்லாருக்கும் முன்னால் மேசையில் வைத்தான். கலியாணம் கட்டாத பெடியன்! வெட்கம் கெட்டவன் என்று நினைத்தேன்.

காற்றடித்துக்கொண்டிருந்த பிள்ளை கேட்டது. "சேர், அப்ப அந்த விசில் சத்தம் வாறது, இறுகின குழாய்க்குள்ளாலை காத்து நெருக்குப்பட்டு வெளியிலை வாறதாலையோ?"

உரத்த குரல். சிரிப்புக் கலந்த குரல். நான் அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தேன். தியாகராசா அண்ணை என் முழங்கையில் இடித்தார்.

"மாஸ்டர், அது உங்கடை கோபிகாவெல்லோ?"

அவள்தான். கையுறை போட்ட கையால் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு மேசைக்குப் பின்னாலிருந்து எழும்பினாள். பக்கத்தில் ஜெயனி. இங்கிலீஸ் வகுப்பு!

கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது எனக்கு நினைவில்லை. "கோபிகா!" என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் விலகினார்கள். சுபாஸ் பதறிக்கொண்டு கதிரை ஒன்றைத் தூக்கிவந்தான்.

"சேர்! வாங்கோ சேர், இருங்கோ."

"கதிரையும் நீயும்! வெள்ளிக்கிழமையிலை வைரவற்றை வாசலிலை இறைச்சி பரப்பி வைச்சிருக்கிறாய், உனக்கு வெக்கமில்லையே? என்ரை வகுப்பைப் பறிச்சாய். என்ரை பிள்ளையளைப் பறிச்சாய். காணாதெண்டு நான் பெத்த பிள்ளையையும் பறிச்சுப்போட்டாய்! உனக்கு நான் என்னடா செய்தனான்?"

"சேர், அப்பிடி இல்லை..."

"வாயை மூடு!"

இன்னும் கத்தியிருப்பேன். கோபிகாவின் தோள் இரண்டும் மேலே ஏறுவதைக் கண்டு நிறுத்தினேன். கழுத்தெலும்புக்கு மேலே உள்ள குழி உள்ளே இழுபட்டது. மூக்கின் இரண்டு பக்கமும் விரிந்தது. பிறகு அந்த விசில். மூச்சு வெளியே வரும்போதெல்லாம் மெல்லிய, நீண்ட விசில். அவள் வாங்கில் இருந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இந்த அறிகுறிகளை வரிசையாக எழுதினால் முழுப் புள்ளி. எத்தனை பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நீல இன்ஹேலர் அவளுடைய கைக்கு எட்டும் தூரத்தில் மேசையில் கிடந்தது. அவள் கை அதை நோக்கிப் போனது. அப்போது என்னைப் பார்த்தாள். எனக்குப் பக்கத்தில் நின்ற தியாகராசா அண்ணையைப் பார்த்தாள்.

"பிள்ளைக்கு என்ன மாஸ்டர்?" என்று அவர் கேட்டார்.

"ஒண்டுமில்லை அண்ணை. சளி."

நான் யோசித்துச் சொல்லவில்லை. பழகிய வாய், தானாகச் சொன்னது. கோபிகாவுக்கு அது கேட்டது. நீட்டிய கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சுவரோரம் திரும்பி, உதட்டைக் குவித்து, சத்தம் வராமல் மெல்ல மெல்ல மூச்சை விடப் பார்த்தாள். சொல்வழி கேட்கிற பிள்ளை.

சுபாஸ் இன்ஹேலரை எடுத்து அவளிடம் நீட்டினான். "கோபிகா, எடும்."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். கண் என்மேலேயே இருந்தது. நெற்றி முழுக்க வியர்வை.

"சேர், நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லாமல் எடுக்க மாட்டா" என்றான் சுபாஸ். அவன் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது.

விசில் குறைந்தது. குறைந்து நின்றது. தியாகராசா அண்ணை, "இப்ப சுகம்போலை கிடக்கு" என்றார். ஐயோ, அது சுகம் இல்லை. விசில் கேட்கிறவரை காற்றுப் போய் வருகிறது என்று அர்த்தம். தோள் ஏறி இறங்க, நெஞ்சு இழுபட, சத்தம் மட்டும் இல்லாமல் போனால் காற்றே ஓடவில்லை என்று அர்த்தம். இதையும் நான்தான் படிப்பிக்கிறேன். அவளுடைய உதடு கத்தரிப்பூ நிறமாக மாறத் தொடங்கியது. அப்படியும் அவள் கை மடியில்தான் இருந்தது.

"எடு பிள்ளை!" என்று கத்தினேன். "எடு! தியாகராசா அண்ணை, என்ரை பிள்ளைக்கு முட்டு! சின்ன வயசிலையிருந்து முட்டு! ஊர் முழுக்கப் போய்ச் சொல்லுங்கோ! எடு என்ரை குஞ்சு!"

பாய்ந்து போய்ச் சுபாஸின் கையிலிருந்து இன்ஹேலரைப் பறித்தேன். அவளுடைய வாயில் வைத்து அமத்தினேன். மருந்து பாதி கன்னத்தில் அடித்தது, பாதி காற்றில் போனது. வீட்டில் எப்போதும் தாய்தான் கதவைச் சாத்திக்கொண்டு கொடுப்பாள். நான் ஒரு நாளும் கையால் பிடித்ததில்லை. "படு பிள்ளை, வாங்கிலை படு" என்று அவளைச் சரிக்கப் பார்த்தேன்.

"படுக்க விடாதைங்கோ சேர், நிமிந்து இருக்கட்டும்" என்று சுபாஸ் அவளுடைய முதுகைத் தாங்கினான்.

"சேர், தாங்கோ" என்று ஜெயனி என் கையிலிருந்து இன்ஹேலரை எடுத்தாள். ஐஸ்கிறீம் டப்பா ஒன்றுக்குள்ளிருந்து பிளாஸ்ரிக் குடுவை ஒன்றை எடுத்து, ஒரு முனையில் இன்ஹேலரைச் செருகி, மறு முனையைக் கோபிகாவின் வாயில் பொருத்தினாள். குலுக்கி அமத்தினாள். "இழு... மெல்ல... இன்னொருக்கா இழு." மறுபடி குலுக்கினாள், மறுபடி அமத்தினாள். இதை முன்னமும் செய்திருக்கிறாள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. சுபாஸ் ஒரு கையால் முதுகைத் தாங்கியபடி மறு கையில் போனை எடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தாலும் என்று ஓட்டோவுக்குச் சொன்னான். நான் என் மகளுக்கு முன்னால் சும்மா நின்றேன்.

முதலில் விசில் திரும்பி வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சந்தோசப்பட்டது அன்றுதான். பிறகு அது மெல்ல மெல்ல அடங்க, தோள் கீழே இறங்க, உதட்டில் நிறம் வந்தது. கோபிகா கண்ணை மூடிக்கொண்டு ஒரு முழு மூச்சை இழுத்து விட்டாள்.

அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். ஒரு பிள்ளையின் முகத்திலும் அதிசயம் இல்லை. ஒருவரும் காதோடு காதாகக் குசுகுசுக்கவில்லை.

"உங்களுக்கு இது தெரியுமோ?" என்று ஜெயனியிடம் கேட்டேன்.

"ஓம் சேர், எல்லாருக்கும் தெரியும். எங்களிலை கனபேருக்கு இருக்கு." டப்பாவைக் காட்டினாள். உள்ளே பெயர் ஒட்டிய நீல இன்ஹேலர்கள் கிடந்தன. ஒன்றில் கோபிகா என்று எழுதியிருந்தது. "நானும் அவவும்தான் கிளினிக்குக்குப் போய் எடுத்தனாங்கள். அங்கை காசில்லை சேர்."

ஒருவருக்கும் தெரியாமல் மறைத்துக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். இந்தக் கொட்டிலில் நிற்கிற அத்தனை பேருக்கும் என் மகளை என்னைவிடக் கூடத் தெரிந்திருந்தது. போன பொறாமை திரும்பவும் வந்து நெஞ்சில் ஏறியது.

"வா பிள்ளை, வீட்டை போவம்" என்றேன்.

"நான் வரேல்லை அப்பா."

"என்ன?"

"பாடம் முடியேல்லை." குரல் இன்னும் உடைந்துதான் வந்தது. "முடிய வாறன்."

"நான் உனக்குப் படிப்பிக்கேல்லையே? என்ரை படத்திலை என்ன குறை? இந்தச் செத்த ஆட்டைப் பாக்கவோ பொய் சொல்லிப்போட்டு இஞ்சை ஓடி வந்தனி?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். மூச்சை இழுத்து, விட்டு, இன்னொரு தரம் இழுத்து, பிறகுதான் பேசினாள்.

"உங்கடை படத்திலை ஒரு குறையும் இல்லையப்பா. உங்கடை வகுப்பிலை நான் முன் வாங்கிலை இருந்து இருமாமல் இருக்கப் பாக்கிறன். அதுக்கே முழு நேரமும் போயிடும். நீங்கள் சொல்லுறது ஒண்டும் எனக்குக் கேக்கிறேல்லை." கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள். "இஞ்சை இருமலாம்."

சுபாஸ் தலையைக் குனிந்துகொண்டு மேசையைத் துடைத்தான். "முடிஞ்சவுடனை ஆஸ்பத்திரியிலை ஒருக்காக் காட்டுவம் சேர், ஓட்டோ வரும்" என்றான். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

தியாகராசா அண்ணை எனக்குப் பின்னால் வந்தார். கேற்றடியில் அக்கம் பக்கம் பார்த்துவிட்டு என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"மாஸ்டர், அந்தக் கிளினிக் எந்த நாளிலை?"

"ஏன் அண்ணை?"

"என்ரை கடைசிப் பெட்டைக்கும் சளிதான்." தொண்டையைச் செருமினார். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதைங்கோ. போன மாசம்தான் ஒரு இடத்திலை பேசி வந்தவை." பிறகு கொட்டில் பக்கம் தலையைக் காட்டினார். "இப்ப உந்த இறைச்சிக் கதைக்கு என்ன செய்யிறது?"

"பாடம் முடியட்டும் அண்ணை. நீங்கள் போங்கோ."

அவர் நடந்து போனார். நான் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றேன். உள்ளே சுபாஸ் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினான். சிற்றறைகளின் சுவர் எவ்வளவு மெல்லியது, ஒட்சிசன் எப்படி இரத்தத்துக்குள் போகிறது என்று சொல்லிக்கொண்டு போனான். நன்றாகத்தான் படிப்பித்தான், என்ன செய்ய. இடையில் என் மகள் இருமினாள். வாயைப் பொத்தாமல், அடக்காமல், சளி நெஞ்சிலிருந்து கிளம்பி வருகிற மாதிரி உரத்து, ஆற அமர இருமினாள். அவன் பாடத்தை நிறுத்தவில்லை. ஒருவரும் திரும்பிப் பார்த்ததாகவும் தெரியவில்லை. அவனுடைய ஆட்டுச் சுவாசப்பையை விட்டுவிடுவேன், மதில் முழுக்க இருக்கிற படங்களையும் விட்டுவிடுவேன். அந்த இருமலை மட்டும் என்னால் அவனுக்கு விட்டுக்கொடுக்க முடியவில்லை. எனக்கு முன்னால் அவள் ஒரு நாளும் அப்படி இருமியதில்லை.